பட்டா மாறுதல்: அலைச்சலுக்கும் கணக்கு எழுதுங்கள்

தாமிரபரணிப் பாசனத்தில் காரும் பிசானமும் (இரண்டு நெல் போகங்கள்) விளையும் வயல்கள் பலவற்றின் பட்டா, காலமான தாத்தாவின் பெயரிலேயே இருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்கும்போதுதான் சிக்கல் தெரியவருகிறது. பெயர் மாற்ற இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டினால் போதும் என்பார்கள். குடும்பத்துக்கு ஆகும் செலவு அதைவிடப் பல மடங்கு.

அமெரிக்காவில் 1980-இல் வந்த காகிதவேலைக் குறைப்புச் சட்டத்தின்படி, படிவத்தை நிரப்ப எவ்வளவு நேரமாகும் என்பதை அரசே மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். இங்கே அந்தக் கணக்கை நீங்களே எழுதுங்கள். தாலுகா அலுவலகத்துக்கு மூன்று முறை போகிறீர்கள், ஒவ்வொரு முறையும் 500 ரூபாய் கூலியும் 50 ரூபாய் பஸ் செலவும் போகின்றன என்று வையுங்கள். இ-சேவைக் கட்டணம் 60, ஜெராக்ஸுக்கு 40 சேர்த்தால் மொத்தம் 1,750 ரூபாய்.

தேதி, சந்தித்த அலுவலரின் பதவி, கேட்ட ஆவணம், சொன்ன பதில் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறியுங்கள். தாமதத்தின் காரணம் அதிலேயே தெரியும். ஒவ்வொரு முறையும் புதுத் தாள் கேட்டால், தேவையான ஆவணப் பட்டியலை எழுத்தில் கேளுங்கள். இறப்புச் சான்றிலும் ஆதாரிலும் இனிஷியல் வேறுபட்டால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். உட்பிரிவு (ஒரே சர்வே எண்ணைப் பங்குகளாகப் பிரித்தல்) தேவைப்பட்டால் சர்வேயர் அளந்த பிறகே வேலை நகரும். அதற்குள் பதற வேண்டாம்.

காரணமே சொல்லாமல் ‘பிறகு வாங்க’ என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பத்தின் நிலையைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவை நிராகரித்தால், ஆணையின் நகலை உடனே வாங்கி, கோட்டாட்சியரிடம் (வருவாய்க் கோட்டத்தின் தலைமை அலுவலர்) மேல்முறையீடு செய்யலாம். அம்பாசமுத்திரத்தாருக்கு அந்த அலுவலகம் சேரன்மகாதேவியில் இருக்கிறது.

இரண்டு குறுக்கு வழிகளைத் தவிருங்கள். ஒன்று, வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்கும் இடைத்தரகர். மற்றொன்று, கட்டிக்கொடுத்த அக்காவின் பெயரை வாரிசுப் பட்டியலில் விட்டுவிடுவது. அவருக்கும் உரிமை உண்டு. பின்னாளில் வழக்கு வந்தால் பட்டாவே நிலைக்காது.

திருநெல்வேலி கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுத்தால், அந்த நோட்டின் நகலையும் இணையுங்கள். ‘ரொம்ப அலைய வைக்கிறார்கள்’ என்ற புகாரைவிட, தேதியும் தொகையும் உள்ள ஒரு பக்கத்துக்கு வலு அதிகம்; அதற்கு அதிகாரிகள் பதில் சொல்லியாக வேண்டும். மனு எண்ணுள்ள ரசீதை வாங்காமல் மட்டும் திரும்பாதீர்கள்.