தோற்றக் கதைகளும் விஞ்ஞானத்தின் எல்லையும்

உலகமும் மக்களும் எவ்வாறு தோன்றினர் என்று கூறும் கதைகள் பல சமயங்களில் உள்ளன. விஞ்ஞானம் வளர வளர இக்கதைகள் தாமே ஒழிந்துபோம் என்று நம்மவருள் சிலர் எண்ணுகின்றனர். அஃது எத்துணை உண்மை என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் என்பார், பைபிளில் கண்ட வமிச வரிசைகளைக் கொண்டு கணக்கிட்டு, உலகம் கி.மு. 4004-இல் சிருஷ்டிக்கப்பட்டதென்று 1650-இல் எழுதினார். இது சோதித்துப் பார்க்கத்தக்க கூற்று. 1956-இல் கிளேர் பாட்டர்சன் என்னும் விஞ்ஞானி, விண்கற்களிலுள்ள ஈயத்தை அளந்து, பூமியின் வயது சுமார் 455 கோடி ஆண்டுகள் என்று நிறுவினார். அஷரின் கணக்கு வீழ்ந்தது.

ஆனால் இங்கிலாந்தின் இயற்கை ஆராய்ச்சியாளர் பிலிப் ஹென்றி காஸ் 1857-இல் வேறொன்று கூறினார். கடவுள் உலகைப் பழமையின் அடையாளங்களோடே படைத்தார்; முதல் மரத்தில் ஆண்டு வளையங்களும், தாய் வயிற்றில் பிறவாத ஆதாமுக்குக் கொப்பூழும் இருந்தன என்றார். இதனை எச்சோதனையாலும் பொய்ப்பிக்க இயலாது. எச்சான்றைக் காட்டினும், அதுவும் அவ்வாறே படைக்கப்பட்டது என்பதே விடையாகும். விஞ்ஞானத்தின் எல்லை இதுவே. ஆயினும், மறுக்க இயலாமை வேறு, மெய்யாதல் வேறு. இவ்வாதப்படி உலகம் நேற்றுத்தான் படைக்கப்பட்டது என்றும் கூறலாம் அன்றோ?

இவ்விருவகைக் கூற்றுகளும் நம் நாட்டிலும் உண்டு. தாங்கள் பிரமனின் வாயில் பிறந்தவர்கள் என்று சொல்லிப் பிராமணர் தம்மை இகழ்வதை வாசேட்டரும் பாரத்துவாசரும் பகவான் புத்தரிடம் கூறியதை அக்கஞ்ஞ சுத்தத்தில் காண்கிறோம். அவர்தம் மகளிரும் கருவுற்று, ஈன்று, பாலூட்டுவது கண்கூடன்றோ என்று பகவான் காட்டினார். மக்கள் யாவரும் ஒரே இனத்தவர் என்றே இன்றைய விஞ்ஞானமும் கூறுகிறது.

எனினும், பிறப்பின் தூய்மை கண்ணுக்குப் புலப்படாதது என்று ஒருவர் சொல்வாராயின், அவர் காஸ் சென்ற வழியிலே செல்கிறார். அவரிடம் விஞ்ஞானம் வாதிட இயலாது. அங்கே நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்நம்பிக்கை மனிதனை உயர்த்துகிறதா, தாழ்த்துகிறதா? பகவானும் நற்செயலும் தீச்செயலும் நான்கு வருணத்தாரிடத்தும் காணப்படுவதைச் சுட்டி, ஒழுக்கத்தையே அளவுகோலாக வைத்தார்.

ஆகவே, சோதிக்கத்தக்கதைச் சோதிப்போம். சோதிக்க இயலாததை அதனால் விளையும் நன்மை தீமைகளைக் கொண்டு அளப்போம். நம் பிள்ளைகளுக்கும் இவ்விரண்டையும் சேர்த்தே கற்பிப்போமாக.