கூடாரம் அடிக்க முன் கிணற்றைப் பாருங்கள்

மட்டக்களப்பில் குடும்பத்தோடு கூடாரம் அடித்துத் தங்கப் போகிறவர்கள் காட்சியைப் பார்த்துத்தான் இடம் தேடுகிறார்கள். வாவியில் பொழுது சாய்வது தெரிய வேண்டும், காற்று வர வேண்டும், படம் அழகாக விழ வேண்டும். சவர்க்காரமும் துவாயும் கடைசி நேரத்தில் பைக்குள் போகும். இந்த ஒழுங்கைத் தலைகீழாக்குங்கள் என்பதுதான் என் கட்சி. நல்ல தண்ணீர் எங்கே இருக்கிறது, கழிவு எங்கே போகும் என்ற இரண்டுக்கும் பதில் உள்ள இடத்தைப் பிடித்தால் துப்புரவில் பாதி வேலை முடிந்தது. அது இல்லாத இடத்துக்கு எத்தனை போத்தல் கைச்சுத்திகரிப்பான் கொண்டுபோனாலும் பிள்ளைகளின் வயிறு தாங்காது.

கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் புறப்பட்டு, மட்டக்களப்பு ஊடாக உகந்தைக்குப் போய்க் காட்டுக்குள் இறங்குகிற கூட்டம். குஞ்சு குருமானும் இருக்கும், கிழவிகளும் இருப்பார்கள். இரவில் அவர்கள் தேடுவது கோயில் வளவை. பக்தி ஒரு காரணம் என்றால் கோயில் கிணறு இன்னொரு காரணம்.

நம் பக்கத்தில் தங்க நினைக்கும் இடங்கள் மூன்று வகை: வாவிக்கரை, வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் குளக்கட்டு, கடற்கரை.

வாவிக்கரைக்குத்தான் எல்லோருக்கும் ஆசை. 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிற வாவியில் எங்கே நின்று பார்த்தாலும் அழகுதான். ஆனால் அந்தத் தண்ணீர் குடிக்கவும் உதவாது, உடம்பு கழுவவும் உதவாது. மாரியில் வெள்ளம் வந்து உப்பைக் குறைக்கும். கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிட்டால் கடலோடு போக்குவரத்து நின்று, நகரத்து வடிகாலில் வந்ததும் வயலில் வடிந்த உரமும் மருந்தும் உள்ளேயே கிடக்கும். நாம் கூடாரம் தூக்கிக்கொண்டு போவதும் அந்தக் கோடையில்தான். முதலையும் உண்டு, மாலை மங்கலில் கரையோரம் பிள்ளைகளைக் குளிக்க விடுவது மடத்தனம். தோணியில் ஏறுங்கள், இருட்ட முன் திரும்பிவிடுங்கள்.

உன்னிச்சை போன்ற குளங்களின் நிலைமை வேறு. நல்ல தண்ணீர், நிழல், குளிர்ச்சி எல்லாம் இருக்கிறது. ஆனால் மட்டக்களப்பு நகரத்துக் குழாய்களில் வருவது உன்னிச்சைக் குளத்துத் தண்ணீர். குளத்துக்குள் நின்று சவர்க்காரம் போடுகிறவர் ஊரின் குடிதண்ணீரில்தான் நுரை விடுகிறார். வாளியில் அள்ளி, கரையை விட்டு நன்றாகத் தள்ளி வந்து குளிக்க வேண்டும். வயல் வாய்க்கால்களில் எலிக்காய்ச்சல் பயமும் இருக்கிறது. காலில் வெட்டோ புண்ணோ உள்ளவர் இறங்கவே கூடாது. எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல் யானை. நடுச்சாமத்தில் பிள்ளை மூத்திரம் வருகிறது என்று எழும்பினால் கூட்டிக்கொண்டு எங்கே போவீர்கள்? படுவான்கரை பகல் பயணத்துக்கு உகந்தது. இரவுக்கு வேண்டாம்.

மிஞ்சுவது கடற்கரை. கல்லடி, கல்குடா, வாகரை. என் தெரிவு இதுதான், ஆனால் ஒரு நிபந்தனையோடு: பக்கத்தில் கிணறும் மலசலகூடமும் உள்ள வீடு ஒன்று இருக்க வேண்டும், அந்த வீட்டாரின் சம்மதமும் வேண்டும்.

நிபந்தனை ஏன் என்றால், அந்த மணலின் சங்கதி அப்படி. கரையோர மணலில் பூவல் தோண்டினால் கையெட்டும் ஆழத்திலேயே நல்ல தண்ணீர் ஊறும். மழைத்தண்ணீர் பாரம் குறைந்தது, அடியில் கிடக்கும் உப்புத்தண்ணீருக்கு மேல் மிதக்கிறது. அந்தப் படை மெல்லியது. 2004 டிசம்பர் 26இல் சுனாமி இந்தக் கரையோரக் கிணறுகளை எல்லாம் உவராக்கியபோது இது நன்றாகத் தெரிந்தது. துப்புரவாக்குகிறோம் என்று பம்பி வைத்து அளவுக்கு மிஞ்சி இறைத்த இடங்களில் அடியில் இருந்த உப்பு மேலே ஏறியது. இவ்வளவு கிட்டத்தில் தண்ணீர் நிற்கிற மணலில் நீங்கள் ஒரு குழி தோண்டி மலம் கழித்தால் அது யாருடைய கிணற்றுக்குப் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே மலசலகூட விஷயத்தில் முதல் தெரிவு வீட்டுக்காரருடையது. அதற்குக் காசு கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். இரண்டாவது தெரிவு உமி வாளி. மூடியுள்ள பெரிய பெயின்ற் வாளி ஒன்றில் தடித்த பை போட்டு, அடியில் நான்கு விரல் உயரத்துக்கு உமி பரப்புங்கள். ஒவ்வொரு முறை போன பிறகும் இரண்டு சிரட்டை உமியும் ஒரு சிரட்டை அடுப்புச் சாம்பலும் மேலே தூவி மூடிவிடுங்கள். உமி ஈரத்தை உறிஞ்சும், சாம்பல் நாற்றத்தை அடக்கும், இலையான் அண்டாது. அரிசி ஆலையில் கேட்டால் ஒரு உரப்பை உமி தருவார்கள். கழுவுகிற தண்ணீரை வாளிக்குள் விடாமல் வேறு பாத்திரத்தில் பிடிப்பது முக்கியம், இல்லாவிட்டால் சேறாகிவிடும். வீடு வந்து, கிணற்றுக்குத் தூரமாகக் கிடங்கு வெட்டி உமியைக் கொட்டிப் புதையுங்கள். பை குப்பைக்குப் போகட்டும். வெளிநாட்டு வழிகாட்டிகள் சொல்லும் சாண் ஆழக் குழி, தண்ணீரிலிருந்து 60 மீற்றர் தூரம் என்ற கணக்கு மக்கிய மண்ணுள்ள காட்டுக்கு எழுதியது. கடற்கரை மணலில் சீக்கிரம் எதுவும் உக்காது. நாய் வந்து கிளறும்.

தண்ணீர்க் கணக்கு. அகதி முகாம்களுக்கென்று உலக அளவில் வகுத்திருக்கும் குறைந்தபட்ச அளவே ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லீற்றர். ஐந்து பேர் என்றால் 75 லீற்றர். அவ்வளவையும் வாகனத்தில் ஏற்றுவது கரைச்சல். கிணறு வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான். குடிப்பதற்கு மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோங்கள், அல்லது கடையில் 19 லீற்றர் போத்தல் வாங்குங்கள். கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதென்றால் ஒரு நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும். குளோரின் குளிசையும் நல்லதுதான், ஆனால் கலங்கல் தண்ணீரில் சரியாக வேலை செய்யாது, வாசத்தைப் பிள்ளைகள் விரும்பமாட்டார்கள். கொதிக்க வைத்தாலும் குளிசை போட்டாலும் உவர்த் தண்ணீர் நல்ல தண்ணீராகாது. வாயில் உப்புக் கரித்தால் வேறு கிணறு பாருங்கள்.

கை கழுவச் சவர்க்காரமா, கைச்சுத்திகரிப்பானா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மீன் வெட்டிய கை, எண்ணெய்க் கை, மணல் ஒட்டிய கை எதிலும் சுத்திகரிப்பான் எடுபடாது. 5 லீற்றர் கான் ஒன்றில் ஆணியால் துளை போட்டு, ஈர்க்கிலைச் செருகி அடைத்து, மரக்கொப்பில் தொங்க விடுங்கள். வெங்காய வலைப்பைக்குள் சவர்க்காரக் கட்டியைப் போட்டுப் பக்கத்தில் கட்டுங்கள். சின்னப் பிள்ளையும் தானாகக் கழுவும், தண்ணீரும் வீணாகாது.

கடலில் குளித்தால் போதும் என்று நினைக்காதீர்கள். உப்பும் மணலும் வியர்வையும் சேர்ந்து தொடையிடுக்கையும் கழுத்தையும் அரித்துவிடும், கச்சான் காற்று வீசுகிற நாளில் சொல்லவே வேண்டாம். கடலுக்குப் பிறகு ஆளுக்கு அரை வாளி கிணற்றுத் தண்ணீர், காய்ந்த துவாய், காய்ந்த பருத்தி உடுப்பு. ஈரச் சாரத்தோடு யாரையும் படுக்க விடக் கூடாது.

சாப்பாட்டுக் கோப்பைகளை விட்டுவிட்டுத் தாமரை இலை கொண்டுபோங்கள், கழுவுகிற தண்ணீர் பாதியாகும். சட்டி பானைக்குச் சாம்பலும் தும்பும் போதும். கடைசி அலசல் மட்டும் கொதித்த தண்ணீரில். பம்பஸும் மாதவிடாய்த் துணிக்குப் பதிலாகப் பாவிக்கும் பட்டைகளும் கடதாசியில் சுற்றித் தனிப் பையில் வீட்டுக்குத் திரும்ப வேண்டும், மணலில் புதைக்கிற வேலை வேண்டாம். துணி பாவிக்கிறவர்கள் வெயிலில் காயப்போட மறைவான இடம் உண்டா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ளட்டும். நுளம்பு வலை கட்டாயம். டெங்கு நுளம்பு பகலில் கடிக்கிறது என்பதால் மத்தியானம் தூங்கும் குழந்தைக்கும் வலை போடுங்கள்.

சிறு பிள்ளைகளோடு முதன்முறை போகிறவர்களுக்கு என் தீர்ப்பு: மே முதல் செப்டெம்பருக்குள், கல்குடாப் பக்கம், கிணறுள்ள வீட்டு வளவுக்கு அருகில், ஒரே ஒரு இரவு. போக முன் அந்த வீட்டுக்காரருக்கு அழைத்து, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, உவராகிவிட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோடை முற்றினால் சில கிணறுகள் ஒரே மாதத்தில் மாறிவிடும்.