பிரேக் தின்னும் ரிம்

பழைய சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் டயரை அழுத்திப் பார்ப்பார்கள், செயினைப் பார்ப்பார்கள், மணியைக்கூட ஒருமுறை அடித்துப் பார்ப்பார்கள். ரிம் பக்கம் மட்டும் கண் போகாது. பிரேக் கட்டை ரிம்மைப் பிடித்துத்தான் வண்டியை நிறுத்துகிறது என்றால், கட்டை தேயும்போது ரிம்மும் கூடவே தேயத்தானே செய்யும்? கட்டையை அடிக்கடி மாற்றுகிறோம். ரிம்மை மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை.

அலுமினிய ரிம்தான் இப்படித் தேயும். நான் சென்னையில் ஓட்டுவது செகண்ட் ஹேண்டில் வாங்கிய கியர் சைக்கிள். வெயில் காலத்தில் கவலையில்லை. மழை தொடங்கியதும் ரோட்டு மணல் தண்ணீரோடு சேர்ந்து ரிம்மில் கருப்புச் சேறாக ஒட்டிக்கொள்ளும். பிரேக் பிடித்தால் கரகரவென்று சத்தம் வரும். அப்போது கட்டையைக் கழற்றிப் பாருங்கள். ரப்பரில் பளபளவென்று சின்னத் துணுக்குகள் பதிந்திருக்கும். அவை ரிம்மிலிருந்து பெயர்ந்த அலுமினியம். ஊசியால் நோண்டி எடுத்துவிட வேண்டும். விட்டால் அவையே அரமாக மாறி ரிம்மை இன்னும் அரைக்கும்.

தேய்மானம் பார்க்க முதல் கருவி கட்டைவிரல். புது ரிம்மில் கட்டை உரசும் பக்கம் சமமாக இருக்கும். தேய்ந்ததில் விரல் நடுவே பள்ளத்தில் இறங்கி, விளிம்பில் ஏறும். சந்தேகமாக இருந்தால் இரும்பு ஸ்கேலின் ஓரத்தைக் குறுக்கே வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். நடுவில் வெளிச்சம் கசிந்தால் பள்ளம் உறுதி. பல அலுமினிய ரிம்களில் பக்கவாட்டைச் சுற்றி மெல்லிய கோடோ, சின்னக் குழிகளோ கம்பெனியே போட்டிருக்கும். அது மறைந்துவிட்டால் ரிம் முடிந்தது. கோட்டில் அழுக்கு அடைத்திருந்தால் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டுப் பாருங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், பிரேக் வழுக்கும்.

அளந்தே பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு ஒரு வழி. டயரைக் கழற்றி வெர்னியரை வைத்தால், டயர் மாட்டும் விளிம்பு தடிமனாக இருப்பதால் கணக்குத் தப்பும். 2 மி.மீ. தடிமனுள்ள பழைய ஸ்போக்ஸ் கம்பியில் இரண்டு துண்டு வெட்டி, ரிம்மின் பக்கச் சுவருக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று வைத்து, மூன்றையும் சேர்த்து அளந்து 4 மி.மீ. கழித்துவிடுங்கள். புதிதில் சுமார் 1.5 மி.மீ. இருக்கும். 1 மி.மீ.க்கு வந்துவிட்டால் நான் மாற்றிவிடுவேன். இன்னும் ஓடும் என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் டயருக்குள் இருக்கும் காற்று அந்தச் சுவரை எந்நேரமும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. தாங்காத அன்று பிளந்துவிடும். முன்பு இல்லாமல் புதிதாக, ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பிரேக் டக்கென்று இடித்தால் அந்த இடத்தில் சுவர் புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். காற்றை இறக்கியதும் புடைப்பு அடங்கினால் சந்தேகமே வேண்டாம்.

அப்பா காலத்துக் கருப்பு சைக்கிளின் கதை வேறு. அதில் இரும்பு ரிம், ராடு பிரேக். கட்டை பக்கவாட்டில் பிடிக்காமல் ரிம்மின் அடிப்பக்கத்தில் போய் அழுத்தும். இரும்பு அவ்வளவு சீக்கிரம் தேயாது, துருதான் அதற்கு எமன். மேலே பூச்சு உரிந்து செம்புள்ளி விழுவதைப் பார்த்து பயப்பட வேண்டியதில்லை. டயரை எடுத்து, உள்ளே ஓடும் ரிம் டேப்பை உரித்துப் பாருங்கள். தேங்கிய தண்ணீரும் கடலோரக் காற்றின் உப்பும் வேலை காட்டுவது அங்கேதான். ஸ்போக்ஸ் துளையைச் சுற்றி ஸ்க்ரூ டிரைவர் முனையால் குத்தினால் துரு செதில் செதிலாகப் பெயர்கிறதா, நிப்பிள் துளைக்குள் புதைகிறதா? அப்படியென்றால் அதில் பெண்டு எடுக்க முடியாது. எங்கள் தெரு மெக்கானிக் சொல்வார்: "இதுல பெண்டு எடுத்தா நாளைக்கே திரும்ப வருவீங்கண்ணே, கம்பி நிக்காது." காசு வேண்டாம் என்று ஒரு கடைக்காரர் சொன்னால் நம்பிவிடலாம்.

அலுமினியத்திலும் துளைகளைப் பார்க்க வேண்டும், குறிப்பாகப் பின் சக்கரத்தில் கியர் பக்கம். அங்கே கம்பிகள் கூடுதல் இறுக்கம். துளையிலிருந்து முடி போலக் கீறல் ஓடினால் மாற்றுவது தவிர வழியில்லை. ரோட்டுப் பள்ளத்தில் இறங்கி நசுங்கியதை இரும்பு ரிம்மில் தட்டி நிமிர்த்தலாம். அலுமினியத்தில் தட்டினால் விரிசல் விடக்கூடும். டிஸ்க் பிரேக் வண்டியில் பக்கவாட்டுத் தேய்மானமே கிடையாது, கீறலும் நசுங்கலும் மட்டும் பார்த்தால் போதும்.

ரிம் வாங்கப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். கருப்பு சைக்கிளில் பெரும்பாலும் முன்னால் 32 துளை, பின்னால் 40. மவுண்டன் பைக் வகைகள் பலவற்றில் 36. துளை மாறினால் ஹப்பும் சேராது.