விடியல் ஒளியில் நீர்ப்பறவைகள்

தில்லி எல்லையில், யமுனைக் கரையில் உள்ளது ஓக்லா பறவைகள் சரணாலயம், 1990-இல் அறிவிக்கப்பட்டது. குளிர்கால விடியலில் அங்கே படமெடுக்க நான் கைக்கொள்ளும் முறையைக் கூறுகிறேன்.

முதலில் சாம்பல் நாரையை நாடுவேன். அது இரைக்காக அசையாது நிற்கும். முக்காலியில் கருவியை நிறுத்தினால் 1/60 நொடியே போதும். நடந்து மேயும் நெடுங்கால் உள்ளானுக்கோ 1/500 நொடி வேண்டும். அப்போது உட்புகும் ஒளி ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆகவே, வெயில் ஏறும்வரை உள்ளானுக்குக் காத்திருத்தல் நலம்.

வெண்கொக்கு வேறு சிக்கல் தரும். சுற்றிலும் கரிய நீர் இருப்பதால் ஒளிமானி மிகுதியான ஒளியைக் கேட்கும். இறகுகளின் வரி தெரியாமல் வெளுத்துப்போகும். மானி காட்டும் அளவைப் பாதியாகக் குறைத்தல் வேண்டும்.

நண்பர்களே, அருகே நெருங்காதீர்கள். மிரண்டு எழும் பறவைக்கு இரை தேடும் நேரம் வீணாகும். படத்தைவிட அது பெரிது.