முழங்காலில் உதைத்தவனுக்கும் பாஸ் கொடு

அன்புத் தம்பிக்கு,

கல்லூரிகளுக்கு இடையிலான ஃபுட்பால் கோப்பையை வாங்கிவிட்டீர்கள். அன்றிரவு ஆம்பூரில் எத்தனை தேக்சா பிரியாணி காலியானது என்பது வரை எனக்குச் செய்தி வந்துவிட்டது. கூடவே, நீ திருவள்ளுவர் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வானதையும் சொன்னார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் (அவர்களுடைய ஃபுட்பால் வேறு, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்) ஒரு கல்லூரி சீசன் முழுக்க ஜெயித்தால், அதே பையன்கள் அதே சட்டையோடு ப்ளே ஆஃப் வரை போவார்கள். நம்மிடம் ஜெயித்த கையோடு அணி கலைந்துவிடும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என நான்கு மாவட்டக் கல்லூரிகளிலிருந்தும் பொறுக்கியெடுத்து ஓர் அணி சேர்ப்பார்கள். அது தென் மண்டலத்தைத் தாண்டினால்தான் அகில இந்தியச் சுற்று, சர் அசுதோஷ் முகர்ஜி கோப்பை எல்லாம். அந்தக் கோப்பையைப் பலமுறை தூக்கிய காலிக்கட் பல்கலைக்கழகமும் இதே மண்டலத்தில்தான் இருக்கிறது. நாக் அவுட்டில் ஒரு தோல்வி என்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

செமி ஃபைனலில் உன் முழங்காலில் உதைத்தானே, அந்த ஸ்டாப்பர் பேக், அவனும் பல்கலைக்கழக அணியின் கேம்ப்புக்கு வருவான். இனி அவன் உனக்குப் பின்னால் நிற்பவன். அவனுக்கு பேக் பாஸ் கொடுப்பாயா? கேம்ப்புகளில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இதுதான்: ஒரே கல்லூரிப் பையன்கள் மூன்று பேர் தங்களுக்குள்ளேயே பந்தைத் தட்டிக்கொண்டிருப்பார்கள். லெஃப்ட் பேக் காலியாக நின்று கையைத் தூக்கிக் கத்துவான், பந்து போகாது. எதிரணி கோச் பத்து நிமிடத்தில் இதைக் கண்டுபிடித்து அந்த மூவரை மட்டும் மடக்கிவிடுவார். அப்புறம் எட்டுப் பேர் ஆட்டத்தை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

இன்னொன்று. உங்கள் அணியில் பாதிப் பேர் மைதானத்தில் உருதுவில்தான் கத்துவீர்கள். ‘பீச்சே தேக்’ என்று நீ அலறினால் ஆரணிப் பையன் யாரைப் பார்ப்பான்? மேன் ஆன், டைம், விடு என்று நாலைந்து சத்தங்களை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

உலகத்துக்கே ஷூ தைக்கும் ஊர்க்காரன் நீ. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம்மவர்களில் பெரும்பாலோர் பூட்ஸ் இல்லாமல் பிரான்சுடன் ஆடினார்கள் என்றால் உனக்குச் சிரிப்பு வரும். கேப்டன் தலிமெரன் ஆவ் நாகா மலையிலிருந்து கல்கத்தாவுக்கு வந்து மருத்துவம் படித்தவர். கோல் போட்ட சாரங்கபாணி ராமன் மைசூர்ப் பக்கம். அங்கும் இங்குமாகச் சேர்த்த அணிதான், கடைசி நிமிடம் வரை 1-1 என்று பிரான்சை நிறுத்தி வைத்தது. பிறகு 2-1. தோற்றதற்குக் காரணம் வெறுங்கால் என்று பேசுவார்கள். அந்த ஆட்டத்தில் இரண்டு பெனால்டிகளைத் தவறவிட்டதை நான் முதலில் சொல்வேன். உன் கேம்ப்பில் ஒவ்வொரு கல்லூரியின் பெனால்டி ஆளும் இருப்பான், நீயும் ஒருவன். யார் முதலில், யார் அடுத்து என்று கோச்சைக் கேம்ப்பிலேயே எழுதி வைக்கச் சொல். உன் பெயர் நான்காவதாக வந்தால் முகத்தைத் தூக்காதே. விசில் ஊதிய பிறகு பந்தைப் பிடுங்கிக்கொண்டு நிற்பவனை எந்த கோல்கீப்பருக்கும் பிடிக்கும்.

புது பூட்ஸை மண்டலப் போட்டிக்கென்று எடுத்து வைக்காதே. இப்போதே போட்டுப் பழகு. ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதத்தில் துறைத் தலைவரின் கையெழுத்தைக் கிளம்புமுன் வாங்கிவிடு. ஜெயித்து வந்தாலும் அட்டெண்டென்ஸ் பற்றாக்குறை பற்றாக்குறைதான்.

அன்புடன்,
உன் பழைய கோச்