புதுவையில் பாரதியார் வாழ்ந்த இல்லம்

தென்பெண்ணையும் கெடிலமும் ஒன்றற்கொன்று அணித்தாக ஓடும் நிலப்பகுதியில், பண்ணுருட்டிக்கும் நெல்லிக்குப்பத்திற்கும் இடையே, மேல்பட்டாம்பாக்கம் என்னும் ஊர் உளது. முன்னர்த் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சார்ந்திருந்த அவ்வூர் இன்று கடலூர் மாவட்டத்தின்பாற்படும். அவ்வூர்ப் பள்ளி மாணவர் சிலர், தம் தமிழாசிரியரோடு ஒரு விடுமுறை நாளில் புதுவை நோக்கிப் புறப்பட்டனர். நாட்டு விடுதலைக்கு எழுத்தையே படைக்கலமாகக் கொண்ட சுப்பிரமணிய பாரதியார் புதுவையில் வாழ்ந்த இல்லத்தைக் காண்பதே அவர்தம் நோக்கம்.

பேருந்து நெல்லிக்குப்பத்தைக் கடந்து, கடலூர் மஞ்சக்குப்பத்தை அடைந்து, வடக்கே திரும்பிற்று. பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டிச் சிறிது தொலைவு சென்றதும் முள்ளோடை என்னும் சிற்றூர் வந்தது. கடைகளின் பெயர்ப்பலகைகளில் புதுச்சேரி என்னும் பெயர் காணப்பட்டது. மாணவர் சிலர் அதனைச் சுட்டிக் காட்டி ஆரவாரித்தனர்.

“இவ்விடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மாலையில் திரும்பும்பொழுது மீண்டும் காண்போம்” என்று மட்டும் ஆசிரியர் கூறினார். அவ்வாறு கூறியதன் காரணம் அப்பொழுது ஒருவர்க்கும் விளங்கவில்லை.

புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த நிலம். 1954ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாள் அதன் ஆட்சிப் பொறுப்பு இந்திய அரசிடம் வந்தது. சட்டமுறையான இணைப்பு 1962ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 16ஆம் நாள் நிறைவெய்தியது. அதற்கு முன் பெண்ணையாற்றிற்குத் தென்பால் ஆங்கிலேயர் சட்டமும், முள்ளோடைக்கு வடபால் பிரெஞ்சுக்காரர் சட்டமும் நடந்தன. பிரெஞ்சு நிலமோ ஒரே பரப்பாகவும் இல்லை. சில ஊர்கள் இவருடையன, அவற்றையடுத்த சில ஊர்கள் அவருடையன என, நெசவுத் துணியில் ஊடும் பாவும் போல இரண்டு ஆட்சியும் கலந்து கிடந்தன. உழவன் ஒருவன் தன் மாட்டைத் தேடிக்கொண்டு போனால், அறியாமலே வேற்று நாட்டிற்குள் அடியெடுத்து வைத்துவிடுதல் கூடும். உழவனுக்கு அதனால் வரும் துன்பம் சிறிது. ஆங்கில அரசு பிடிக்கக் காத்திருந்த ஒருவர்க்கோ அவ்வோரடி சிறை வாயிலாகும்.

பாரதியார் அத்தகைய நிலைக்கு உள்ளானது 1908ஆம் ஆண்டில். சென்னையிலிருந்து வெளிவந்த ‘இந்தியா’ என்னும் கிழமை இதழில் அவர் எழுதிய எழுத்துகள் ஆட்சியாளரைச் சினங்கொள்ளச் செய்தன. அவ்வாண்டு வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கடுந்தண்டனை பெற்றனர். பின்னர் ‘இந்தியா’வின் ஆசிரியராகச் சட்டப்படி பதிவு பெற்றிருந்த சீனிவாசன் என்பார் சிறைப்பட்டார். எழுதியவர் பாரதியார் என்பதை அரசினர் அறியாதவர் அல்லர். நண்பர்கள் வற்புறுத்த, அவர் புதுவைக்கு ஏகினார். அப்பொழுது அவர்க்கு வயது இருபத்தைந்து. அச்சுப்பொறியும் அவரைத் தொடர்ந்து வந்தது. அவ்வாண்டு அக்டோபர்த் திங்களிலேயே ‘இந்தியா’ புதுவையிலிருந்து வெளிவரலாயிற்று.

மாணவர் புதுவையை எய்தி, கால்வாய்க்கு மேற்கே தமிழர் வாழும் பகுதியில் உள்ள ஈசுவரன் தருமராசா கோயில் வீதியை அடைந்தனர். பாரதியார் அந்நகரில் ஒரே வீட்டில் தங்கியவர் அல்லர். வாடகைக்கு வீடு மாறி மாறி வாழ்ந்தவர். அவற்றுள் இவ்வீதியில் உள்ள இல்லமே அவர் நினைவிடமாகவும் ஆய்வு நடுவமாகவும் புதுவை அரசினரால் போற்றப்படுகிறது. மாளிகை ஒன்றைக் காணப்போவதாக எண்ணி வந்த மாணவர்க்குச் சற்று ஏமாற்றமே. தெருவோடு ஒட்டி நிற்கும் நடுத்தர வீடு அது. உள்ளே வெளிச்சமும் காற்றும் வருவதற்கு வானம் பார்த்த முற்றம், அதனைச் சூழ்ந்து தாழ்வாரம், மேலே மாடி. அறைகளில் அவருடைய கையெழுத்துப் படிகளும், நிழற்படங்களும், நூல்களும் வைக்கப்பட்டுள்ளன. கையெழுத்தைக் கண்ட மாணவி ஒருத்தி, கண்ணாடிப் பேழையின் மீது குனிந்து நெடுநேரம் நின்றாள்.

“ஐயா, இவ்வளவு சிறிய எழுத்தாக எழுதியிருக்கிறாரே!” என்றாள்.

“தாளுக்கும் விலை உண்டன்றோ, அம்மா?” என்றார் ஆசிரியர்.

அது விளையாட்டு மொழியன்று. ‘இந்தியா’ இதழைப் பிரெஞ்சு நிலத்தில் அச்சிடுதற்குத் தடையில்லை. ஆனால் அதனைப் படிப்பார் பெரும்பாலும் வாழ்ந்தது ஆங்கிலேயர் நிலத்தில். அங்கே அது நுழைதலை அரசினர் தடுத்தனர். படிப்பாரைச் சென்று சேரமாட்டாத இதழ் எத்துணை நாள் நடக்கும்? 1910ஆம் ஆண்டில் அது நின்றது. பிற இதழ்களும் அவ்வாறே ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. பாரதியாரின் நாவைப் பிரெஞ்சு எல்லை காத்தது. அவர் சொல்லைக் கேட்கும் செவிகளையோ அதே எல்லை அவரிடமிருந்து பிரித்துவிட்டது.

வருவாய் குன்றிய குடும்பத்தின் துயரை அவர் மனைவியார் செல்லம்மாளே நன்குணர்ந்தவர். சமைப்பதற்கென்று அவர் வைத்திருந்த அரிசியைக் கணவர் முற்றத்துக் குருவிகளுக்கு இறைத்துவிட்டு, அவை கொத்தித் தின்னும் அழகைக் கண்டு களித்த செய்தி பலரும் அறிந்ததே. அச்செய்தியைக் கேட்போர் பாரதியாரின் அருளுள்ளத்தையே வியப்பர். தங்கம்மாள், சகுந்தலை என்னும் பெண் மக்கள் இருவர்க்கும் அன்று உணவுக்கு வழி தேடிய அம்மையாரை நினைப்பவர் சிலரே. முற்றத்தைக் கண்டவுடன் மாணவர் குருவிகளைத் தேடினர். மாணவியர் சமையலறை எங்கே என்று தேடினர்.

புதுவை மக்களின் அன்பும் குறைவானதன்று. விளக்கெண்ணெய்ச் செட்டியார் என ஊரார் வழங்கிய வீட்டு உரிமையாளர் ஒருவர், வாடகை கேட்க வருவார். பாரதியாரின் பாட்டும் பேச்சும் கேட்டு அமர்ந்திருப்பார். வந்த காரியத்தை வாய்விட்டுச் சொல்லாமலே திரும்பிவிடுவார். அவர்தம் இயற்பெயர் இன்று பலர்க்குத் தெரியாது. ஆயினும் தமிழுக்கு அவர் விட்டுக்கொடுத்த வாடகை சிறிதன்று; கண்ணன் பாட்டும், குயில் பாட்டும், பாஞ்சாலி சபதமும் தோன்றியது அப்புதுவை வாழ்க்கையில்தான். கனகசுப்புரத்தினம் என்னும் இளைஞர் அவரிடம் நெருங்கிப் பழகிப் பின்னாளில் பாரதிதாசன் ஆனதும், தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த கனகலிங்கத்திற்குப் பாரதியார் தம் கையாலே பூணூல் அணிவித்ததும் புதுவையிலேயே. வைதிகர் சினத்திற்கு அஞ்சும் இயல்பு அவர்க்கில்லை.

அன்பர் சூழ்ந்தவாறே ஒற்றரும் சூழ்ந்தனர். ஆங்கில அரசு அமர்த்திய ஒற்றர்கள் நாட்டுப்பற்றாளர் வாழ்ந்த வீதிகளில் திரிந்து, யார் வருகின்றார், யார் போகின்றார் எனக் கணக்கெடுத்தனர். மடல்கள் இடைவழியில் பிரிக்கப்பட்டன. 1910ஆம் ஆண்டில் அரவிந்தரும், வ. வே. சு. ஐயரும் புதுவை புகுந்தபின் இக்கண்காணிப்பு மிகுந்தது. 1911ஆம் ஆண்டு சூன் 17இல் மணியாச்சியில் ஆட்சியர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்டபின் அது கடுமையின் எல்லையைத் தொட்டது. ஒருமுறை ஐயர் வீட்டுக் கிணற்றினுள், குற்றம் சுமத்துதற்கேற்ற தாள்கள் நிறைந்த கலம் ஒன்று யாரோ வஞ்சகரால் போடப்பட்டிருந்தது. நீர் இறைக்கும்பொழுது அது வெளிப்படவே, நண்பர்கள் அதனை மறைக்காது தாமே பிரெஞ்சு அதிகாரிகளிடம் தெரிவித்தனர். பின்னர் அரவிந்தர் வீட்டைச் சோதிக்க வந்த பிரெஞ்சு நடுவர், மேசை மீது இலத்தீன், கிரேக்க நூல்கள் கிடக்கக் கண்டு பெருமதிப்புக் கொண்டு திரும்பினார் என்பர். வேற்று நாட்டிலிருந்து வந்தோர்க்குப் பெருமக்கள் ஐவர் பொறுப்பேற்றுக் கையொப்பம் இடல் வேண்டும் என்றொரு சட்டமும் அக்காலத்தே பிறந்தது. கலவை சங்கர செட்டியார் முதலானோர் முன்வந்து அவ்விடரையும் களைந்தனர்.

இவற்றையெல்லாம் தாழ்வாரத்தில் அமர்ந்து ஆசிரியர் விரித்துரைத்தபொழுது, மாணவி ஒருத்தி எழுந்து, “ஐயா, இத்தனை பேர் துணையிருக்க, பிரெஞ்சு அரசும் இடங்கொடுக்க, அவர் ஏன் இங்கேயே இருந்துவிடவில்லை?” என வினவினாள்.

“பத்தாண்டு இருந்தார், அம்மா. இருபத்தைந்து வயதில் வந்தவர்க்கு முப்பத்தைந்து வயது ஆகிவிட்டது. பிறந்த எட்டயபுரத்தைக் காணமுடியாது; தம் நூலை அச்சிட்டாலும் தமிழ்நாட்டிலே எடுத்துச் சென்று பரப்ப இயலாது. இவ்வீட்டின் கதவு அவர்க்கு என்றும் திறந்தே இருந்தது. ஊரின் கதவுதான் அடைபட்டிருந்தது” என்றார் ஆசிரியர்.

1918ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 11ஆம் நாள் முதல் உலகப்போர் ஓய்ந்தது. அதற்கு ஒன்பது நாள் கழித்து, 20ஆம் நாள், பாரதியார் புதுவையை நீங்கினார். கடலூருக்கு அருகே ஆங்கிலேயர் நிலத்தில் அடியெடுத்து வைத்தவுடன் பிடிக்கப்பட்டுக் கடலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். மேல்பட்டாம்பாக்கத்து மாணவர் அன்று காலை எவ்வழியே வந்தனரோ, ஏறக்குறைய அதன் எதிர்முகமாகவே அவர் சென்றார். “கடலூரிலா?” என்று மாணவர் பலர் ஒரே குரலில் வினவினர். தம் ஊரருகே நிகழ்ந்த செய்தி புதுவைக்கு வந்தபின்னரே அவர்க்குத் தெரியலாயிற்று.

அப்பொழுது, அதுவரை வாய்திறவாதிருந்த மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி எழுந்தான். “ஐயா, சிறையிலிருந்து பாரதியார் ஆளுநர்க்கு விண்ணப்பம் எழுதினார் என்று ஒரு நூலில் படித்தேன். அது மெய்தானா?”

பிற மாணவர் அவனைச் சினந்து நோக்கினர். ஆசிரியர் சினக்கவில்லை.

“மெய்யே. நவம்பர் 28ஆம் நாள் சென்னை ஆளுநர் பெண்ட்லண்டு பிரபுவுக்கு எழுதினார். தாம் அரசியலை விட்டு நீங்கியதாகவும், அரசினர்க்கு மாறாக நடவாமல் சட்டத்திற்கு அடங்கி இருப்பதாகவும் அதில் உறுதி கூறினார். அதனை மறைத்துவிட்டு அவரைப் புகழ்தல் அவர்க்குச் செய்யும் சிறப்பன்று. அவ்வொரு தாளை மட்டும் கையிற்கொண்டு அவரை நிறுத்தல் நடுநிலையும் அன்று. பத்தாண்டு இவ்வீட்டில் அவர் பட்டதை இப்பொழுது கேட்டீர்கள். அதனையும் தட்டில் இட்டு நிறுங்கள்.”

“விண்ணப்பம் எழுதியதும் விட்டுவிட்டார்களா, ஐயா?”

“உடனே விடவில்லை. அன்னி பெசன்ட் அம்மையாரும் சி. பி. இராமசாமி ஐயரும் அவர்பொருட்டு முயன்றனர். டிசம்பர் 14ஆம் நாள் வெளிவந்தார். ஆயினும் கட்டுப்பாடு தொடர்ந்தது; எழுதுவதைக் காவல் அதிகாரியிடம் காட்டிய பின்னரே வெளியிடல் வேண்டும் என்றனர். எழுத்தாளன் ஒருவனுக்குச் சிறை எது, வீடு எது என்று நீயே எண்ணிப்பார், தம்பி.”

மாணவன் அமர்ந்தான். அவன் முகத்தில் ஐயம் முற்றும் நீங்கியதாகத் தோன்றவில்லை. ஆசிரியரும் அவனை வற்புறுத்தவில்லை. இத்தகைய ஐயம் ஒரு வகுப்பு வேளையில் தீர்வதன்று.

சிறை நீங்கிய பாரதியார் மனைவியாரின் ஊராகிய கடையத்திற்குச் சென்று வாழ்ந்தார். கட்டுப்பாடு நீங்கிய பின்னர், 1920ஆம் ஆண்டில் சென்னைக்குச் சென்று, தாம் முன்னர்ப் பணியாற்றிய ‘சுதேசமித்திரன்’ நாளிதழில் மீண்டும் எழுதலானார். 1921ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், 39 வயது நிரம்புமுன்னரே, திருவல்லிக்கேணியில் மறைந்தார். எட்டயபுரத்தில் அவர் பிறந்த வீடும், திருவல்லிக்கேணியில் அவர் இறுதியாக வாழ்ந்த வீடும் நினைவில்லங்களாக உள்ளன. அவ்விரண்டனுக்கும் இடைப்பட்ட பத்தாண்டு புதுவைக்குரியது.

பிற்பகலில் மாணவர், பெருமாள் கோயில் வீதியில் நினைவிடமாகப் போற்றப்படும் பாரதிதாசன் இல்லத்தையும் கண்டனர். கடற்கரையில் சிறிது நேரம் உலாவினர். கதிரவன் சாயும் வேளையில் பேருந்தில் ஏறினர். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் என ஊர்கள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. காலையில் ஆரவாரித்த மாணவர் இப்பொழுது சாளரங்களின் வழியே சாலையையே உற்று நோக்கியிருந்தனர். முள்ளோடை அணுகியது. எல்லை எவ்விடத்தே என்று ஒருவன் வினவ, இம்மரம் என்றான் ஒருவன். அப்பலகை என்றான் மற்றொருவன். நடத்துநரைக் கேட்டதற்கு அவர் புன்முறுவல் செய்து சீட்டுக்கட்டைச் சரிபார்க்கத் தொடங்கினார்.

பெண்ணையாற்றுப் பாலத்தைக் கடந்து மஞ்சக்குப்பத்தில் பேருந்து நின்றபொழுது இருட்டிவிட்டது. தென்மேற்கே, கெடிலத்திற்கு அப்பால், கேப்பர் மலை இருக்கும் திசையை ஆசிரியர் கைகாட்டினார். கடலூர்ச் சிறை அங்கே உளது. மலை தெரியவில்லை; தொலைவில் சில விளக்குகளே தெரிந்தன.

விண்ணப்பத்தைப் பற்றி வினவிய மாணவன் ஆசிரியரின் பக்கத்தில் வந்து அமர்ந்திருந்தான். எல்லையைப் பேருந்து எத்துணை நேரத்தில் கடக்கிறது என்று எண்ணிப் பார்க்க அவன் கருதியிருந்தான் போலும்.

“எண்ணினாயா?” என்றார் ஆசிரியர்.

“இல்லை, ஐயா. எண்ணத் தொடங்கும் முன்பே கடந்துவிட்டது” என்றான் அவன்.