மேமோகிராமும் பைதானும்: ஆராய்ச்சி வேலைக்கு ஒரு வழித்தடம்

சுவீடனில் நடந்த 'மசாய்' ஆய்வின் முதற்கட்ட முடிவு 2023இல் வெளிவந்தது. 80,000க்கும் மேற்பட்ட பெண்களை ஏறத்தாழச் சமமான இரு பிரிவாக்கி மேமோகிராம் (மார்பக எக்ஸ்-ரே) எடுத்தார்கள். வழக்கமான முறையில் படம் பார்த்த பிரிவில் 203 பேருக்கும், ஏஐ துணையோடு பார்த்த பிரிவில் 244 பேருக்கும் மார்பகப் புற்றுநோய் தெரியவந்தது. ரேடியாலஜிஸ்ட்கள் படம் பார்க்கும் வேலையும் 44 சதவீதம் குறைந்தது.

இப்படியொரு மென்பொருள் மருத்துவமனை வரை வர, மாடல் எழுதுபவர் மட்டும் போதாது. படங்களை ஒழுங்குபடுத்த, நிரலைச் சோதிக்க, கிடைத்த முடிவு மறுபடியும் கிடைக்கிறதா என்று பார்க்க ஆட்கள் வேண்டும். இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர் குறிவைக்க வேண்டியது இந்த வேலைகளைத்தான்.

எந்தப் பெயரில் தேடுவது?

ரிசர்ச் சாஃப்ட்வேர் இன்ஜினியர், சயின்டிஃபிக் புரோகிராமர், இமேஜிங் டேட்டா சயின்டிஸ்ட் என்ற பெயர்களில் தேடுங்கள். பல்கலைக்கழகங்கள், மருத்துவமனை ஆராய்ச்சிப் பிரிவுகள், நிறுவனங்கள் மூன்றிலும் பாருங்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதும் சகஜம். மசாய் ஆய்வில் பயன்பட்ட மென்பொருளைத் தயாரித்த ஸ்கிரீன்பாயின்ட் நிறுவனமே, நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆராய்ச்சியிலிருந்து கிளைத்ததுதான்.

கணினி அறிவியல், மின்னணுவியல், இயற்பியல், உயிர்மருத்துவப் பொறியியல் என எது படித்தவரும் வரலாம். படத்தின் இயற்பியலை முறையாகக் கற்க விரும்பினால், அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.எஸ்சி. மெடிக்கல் பிசிக்ஸ் ஒரு நல்ல வழி.

என்ன கற்க வேண்டும்?

பைதான், பைடார்ச், கிட், லினக்ஸ் ஆகியவை அடிப்படை. மருத்துவப் படங்களுக்கென்றே உள்ள பைடைகாம், சிம்பிள்ஐடிகே, மோனாய் ஆகியவற்றையும் பழகுங்கள். ஆனால் கருவிகளைவிடப் படத்தை அறிவதுதான் முக்கியம். அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்.

• அளவு: டிஜிட்டல் மேமோகிராமில் ஒரு பிக்சல் 0.07 மில்லிமீட்டர் அளவுக்குச் சிறியதாக இருக்கலாம். பூனை, நாய் படங்களுக்குச் செய்வதுபோல 224க்கு 224 என்று சுருக்கினால், ஒரு பிக்சலே ஒரு மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான சுண்ணாம்புத் துகள்கள் மங்கி மறையும். அவையே நோயின் முதல் தடயமாக இருக்கக்கூடும்.

• பிரிப்பு: ஒரு பெண்ணுக்கு வழக்கமாக நான்கு படங்கள் எடுப்பார்கள். அவற்றில் இரண்டு பயிற்சித் தொகுப்பிலும் இரண்டு சோதனைத் தொகுப்பிலும் விழுந்தால், உங்கள் மதிப்பெண் பொய். ஆள்வாரியாகப் பிரியுங்கள்.

• அளவுகோல்: பரிசோதனைக்கு வரும் ஆயிரம் பெண்களில் ஐந்து பேர் அளவுக்கே புற்றுநோய் தென்படுகிறது. 'யாருக்கும் நோயில்லை' என்று சொல்லும் மாடலுக்கே 99.5 சதவீதத் துல்லியம் கிடைத்துவிடும். ஆகவே எத்தனை நோயைப் பிடித்தது, எத்தனை பேரை வீணாகத் திரும்ப அழைத்தது என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

எதைச் செய்து காட்டுவது?

சிபிஐஎஸ்-டிடிஎஸ்எம், பழைய ஃபிலிம் மேமோகிராம்களை ஸ்கேன் செய்த திறந்த தொகுப்பு. வியட்நாமின் வின்டிஆர்-மேமோ, 5,000 டிஜிட்டல் பரிசோதனைகள் கொண்டது. முதல் தொகுப்பில் பயிற்சி கொடுத்து இரண்டாவதில் சோதியுங்கள். மதிப்பெண் சரிந்தால் மறைக்காதீர்கள்; ஃபிலிமா, கருவியா, மக்களா, எது காரணம் என்று ஆராய்ந்து எழுதுங்கள். நிரல், மென்பொருள் பதிப்புகள், ரேண்டம் சீட் எல்லாவற்றையும் கிட்ஹப்பில் வையுங்கள்.

கடைசியாகச் சொன்னதை அலட்சியம் செய்ய வேண்டாம். 2020 ஜனவரியில் கூகுள் ஆய்வாளர்கள் 'நேச்சர்' இதழில் மேமோகிராம் ஏஐ பற்றி எழுதினார்கள். நிரலும் விவரங்களும் போதாமல் அதை மறுபடி செய்து பார்க்க இயலவில்லை என்று அதே ஆண்டில், அதே இதழில் வேறு அறிவியலாளர்கள் கேள்வி எழுப்பினார்கள்.

பெரிய நிறுவனத்தையே விடாத அந்தக் கேள்வி உங்கள் நேர்முகத் தேர்விலும் வரும். விண்ணப்பிக்குமுன் நண்பர் ஒருவரின் கணினியில் உங்கள் நிரலை ஓட்டச் சொல்லுங்கள். உங்களிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அவருக்கு அதே எண் வந்தால், விண்ணப்பம் போடலாம்.